பிள்ளை கேட்கும் கேமிங் கம்ப்யூட்டர்: கடன் எடுக்கும் முன் பாகம் பாகமாகத் தெரிந்துகொள்வோம்



மாட்டுக்கடன், தையல் மெஷின் கடன், காதுகுத்துக் கடன் என்று கேட்டுப் பழகிய நம் குழுக் கூட்டங்களில் இப்போது புதிதாக ஒரு கடன் பேச்சு வருகிறது. "பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான், பொண்ணு யூடியூப்ல லைவ் போடணும்ங்கிறா, உள்கடன் கொடுங்க" என்கிறார்கள் உறுப்பினர்கள். குழுவில் பாதிப்பேர் "விளையாட்டுக்குக் கடனா?" என்று முகம் சுளிக்கிறார்கள். மீதிப்பேர் "காலம் மாறிப்போச்சு, கொடுங்க" என்கிறார்கள்.

கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குழு முடிவு செய்யட்டும். நாங்கள் களப்பணியில் பார்ப்பது வேறு ஒரு சிக்கல். கடன் வாங்கும் தாய்க்கு, அந்தப் பணத்தில் என்ன பொருள் வீட்டுக்கு வருகிறது என்று தெரிவதில்லை. பிள்ளை ஒரு பெயர் சொல்கிறான், கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார், கலர் கலராக விளக்கு எரிகிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து "இது பழசும்மா, இதுல ஓடலை" என்று பிள்ளை சொல்லும்போது தவணை மட்டும் பாக்கி நிற்கிறது.

கறவை மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறோம். கம்ப்யூட்டருக்கும் பல் உண்டு, ஈத்துக் கணக்கு உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். பத்தாவது படிக்காதவர்களும் புரிந்துகொள்ளலாம். பயப்பட வேண்டாம்.

முதலில் மூன்று கேள்வி

கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையை உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று: எந்த விளையாட்டு? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, மைன்கிராஃப்ட் போன்றவை எளிய கம்ப்யூட்டரிலேயே ஓடும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டு நன்றாக ஓட வேண்டும் என்றால் செலவு வேறு.

இரண்டு: விளையாடுவதை நேரலையாக அனுப்பணுமா, பதிவு செய்து பிறகு போட்டால் போதுமா? நேரலை என்றால் கம்ப்யூட்டரோடு இணைய இணைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்று: எங்கே வைக்கப்போகிறோம்? நம் வீடுகளில் தனி அறை கிடையாது. டி.வி. ஸ்டாண்டில், பீரோ பக்கத்தில், தையல் மெஷின் ஓரத்தில் வைக்க வேண்டும். அதனால் பெட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எவ்வளவு சின்னது என்பதில்தான் பணம் கூடும் அல்லது குறையும்.

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதைத் தள்ளிவிடுவார்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

நம் கூட்டமைப்பில் தையல் யூனிட் நடத்துபவர்கள் பலர். அதை வைத்தே சொல்கிறோம்.

பிராசசர் என்பது தையல்காரர். எல்லா வேலையும் அவர் கையில். ராம் என்பது வெட்டும் மேசை. மேசை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் பல துணியை விரிக்கலாம். எஸ்.எஸ்.டி. என்பது துணி அடுக்கி வைக்கும் பீரோ. கிராபிக்ஸ் கார்டு என்பது எம்பிராய்டரி மெஷின். படம் வரையும் வேலையை மட்டும் படுவேகமாகச் செய்யும், விலையும் அதிகம். மதர்போர்டு என்பது இவை எல்லாவற்றையும் வைத்திருக்கும் கட்டடம். எஸ்.எம்.பி.எஸ். என்பது கட்டடத்துக்கு வரும் கரண்ட் இணைப்பு. கேபினட் என்பது வெளிச்சுவர்.

வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு கரண்ட் இணைப்பில் மிச்சம் பிடிப்பவரை என்ன சொல்வோம்? கேமிங் கம்ப்யூட்டர் விஷயத்தில் பல இடங்களில் நடப்பது அதுதான்.

பிராசசர்: எத்தனையாவது ஈத்து?

"ஐ5 பிராசசர் போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொல்வார்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர். இன்டெல் ஐ5 2400 வந்தது 2011ல். ஐ5 3470 வந்தது 2012ல். ஐ5 12400 வந்தது 2022ல். மூன்றும் ஐ5தான். ஆனால் முதல் இரண்டும் கிழட்டு மாடு.

ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். நாலு இலக்கம் என்றால் முதல் எண் தலைமுறை. 3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு எண். 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 வரிசை என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையை ஏதாவது குறுக்கு வழியில் ஓட்டிக் காட்டுவார்கள். ஆனால் வாலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11ல் பாதுகாப்புச் சோதனை செய்யும். பழைய போர்டில் அது தேறாது. விளையாட்டுக்காக வாங்கிய பெட்டியில் அந்த விளையாட்டே திறக்காது.

இன்னொரு எழுத்து விளையாட்டும் உண்டு. இன்டெல் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து வந்தால், ஐ3 12100எஃப், ஐ5 12400எஃப் மாதிரி, அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் மானிட்டரில் ஒன்றுமே தெரியாது. எஃப் கொஞ்சம் விலை குறைவு என்று வாங்கிப்போட்டுட்டு, அப்புறம் கார்டுக்குத் திரும்பவும் கடனுக்கு வர வேண்டியிருக்கும்.

குறைந்த செலவில் ஆரம்பிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, படம் காட்டும் பகுதி நல்ல பலத்தோடு உள்ளேயே இருக்கும் பிராசசர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. 2021ல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அதாவது ஆறு தையல்காரர், ஆளுக்கு இரண்டு வேலை. இதே வரிசையில் 5600ஜி.டி. 2024ல் வந்தது. வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, மைன்கிராஃப்ட், ஜி.டி.ஏ. 5 போன்றவை கார்டு இல்லாமலே, படத்தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், இதில் விளையாடலாம்.

கையில் கூடுதல் பணம் இருந்தால் 2024ல் வந்த ரைசன் 5 8600ஜி. படம் காட்டும் பலம் இதில் அதிகம். ஆனால் இதற்கு ஏ.எம்.5 வகை மதர்போர்டும் டி.டி.ஆர்.5 வகை ராமும் வேண்டும். 5600ஜிக்கு ஏ.எம்.4 போர்டும் டி.டி.ஆர்.4 ராமும். ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்தாது. கலந்து வாங்கிடாதீங்க.

ராம்: ஒன்றா, இரண்டா?

16 ஜிபி ராம் போதும். ஆனால் 16 ஜிபி ஒரே துண்டாகவும் கிடைக்கும், 8 ஜிபி இரண்டு துண்டாகவும் கிடைக்கும். கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இரண்டு துண்டுதான் வேண்டும். காரணம் இதுதான். படம் காட்டும் பகுதிக்குத் தனி மேசை கிடையாது. அதுவும் இந்த ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு துண்டு என்றால் மேசைக்கு ஒரு வழி. இரண்டு துண்டு என்றால் இரண்டு வழி. துணி வேகமாக வந்துபோகும். அதே பிராசசர், அதே 16 ஜிபி, ஆனால் ஒரே துண்டாகப் போட்டால் விளையாட்டு திக்கித் திணறும்.

ராம் விலை பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியில் உலகம் முழுக்க ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் மையங்கள் மெமரியை மொத்தமாக வாங்கியதுதான் முக்கியக் காரணம். அதனால் போன வருஷ விலையை மனதில் வைத்துக் கடன் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு முந்தின வாரம் விலை விசாரித்து வாருங்கள்.

எஸ்.எஸ்.டி.: பீரோ எவ்வளவு பெரிசு?

பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். பதிவு செய்த வீடியோ வேறு சேரும். 500 ஜிபி என்பது ஆரம்பத்துக்குப் பரவாயில்லை. முடிந்தால் 1 டி.பி., அதாவது ஏறக்குறைய 1000 ஜிபி. என்.வி.எம்.இ. வகை என்று கேட்டு வாங்குங்கள். மதர்போர்டிலேயே படுத்த வாக்கில் பொருத்திவிடலாம், வயர் கிடையாது, சின்னப் பெட்டிக்கு ஏற்றது. பழைய மாதிரி சுற்றும் ஹார்ட் டிஸ்க் மட்டும் போட்டு விண்டோஸை ஓட்டுவது இப்போது தேவையில்லாத தலைவலி.

மதர்போர்டும் சின்னப் பெட்டியும்

மதர்போர்டு மூன்று அளவில் அதிகம் வருகிறது. ஏ.டி.எக்ஸ். என்பது 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170, அதாவது ஒரு ஜாண் அளவு கூட இல்லை.

பிள்ளைகள் படத்தில் பார்த்துவிட்டு மினி ஐ.டி.எக்ஸ். கேட்பார்கள். அழகுதான். ஆனால் அதே வசதிக்கு அதன் விலை அதிகம், கடைகளில் வகையும் குறைவு. அந்த அளவு கேபினட்டுகள் பலவற்றுக்கு எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சின்ன எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். அதுவும் விலை கூடுதல். பழுது பார்க்கும்போது நம் ஊர் மெக்கானிக்குக் கை நுழையாது.

சில கம்பெனிகள் இன்னும் சின்னதாகக் கூடு விற்கின்றன. அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 என்பது 155க்கு 155க்கு 80 மில்லிமீட்டர்தான், டிபன் பாக்ஸ் மாதிரி. 5600ஜி பிராசசரை ஏற்கும். ஆனால் அதில் லேப்டாப்புக்கான சின்ன ராம்தான் பொருந்தும், பின்னால் கிராபிக்ஸ் கார்டு போட இடமே கிடையாது. என்றைக்கும் கார்டு வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் அது சரி.

அதனால் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டும், அந்த அளவுக்கான சின்னக் கேபினட்டும் நடுவழி. பெரிய கோபுரப் பெட்டியை விட நன்றாகவே சின்னது. சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும் கேபினட்டாகப் பாருங்கள். நாளைக்குக் கார்டு போட இடமிருக்கும். 5600ஜிக்கு பி550 சிப் உள்ள போர்டு பொருத்தம். பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளே போர்ட் ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய பி450 போர்டு என்றால் "இந்தப் பிராசசருக்கு பயாஸ் அப்டேட் செய்தாச்சா?" என்று கேளுங்கள்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடியா, ஜாலியா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில், ஓட்டு வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காற்று போகாத கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். ஜாலி உள்ளதாக, ஒரு ஃபேனாவது உள்ளதாக வாங்குங்கள். கலர் லைட்டுக்குக் கொடுக்கும் காசை ராமுக்குக் கொடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.: இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர் எப்படியோ அப்படித்தான் இது. மலிவு என்று பெயர் தெரியாத ரெகுலேட்டரை யாரும் மாட்ட மாட்டோம். ஆனால் கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி மொத்தக் கம்ப்யூட்டரையும் மாட்டிவிடுகிறோம். அதன் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும். ஒட்டியிருப்பதெல்லாம் உண்மை அல்ல. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது. சில சமயம் போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகும்.

தெரிந்த கம்பெனி, 80 பிளஸ் முத்திரை, குறைந்தது 3 ஆண்டு, முடிந்தால் 5 ஆண்டு உத்தரவாதம், 450 முதல் 550 வாட். இந்த நாலையும் பாருங்கள். 80 பிளஸ் என்பது உள்ளே இழுக்கும் கரண்டில் குறைந்தது 80 சதவீதமாவது வீணாகாமல் பயன்படுகிறது என்பதற்கான சோதனை முத்திரை. அது பாதுகாப்புச் சான்று அல்ல, அதனால் கம்பெனிப் பெயரையும் உத்தரவாதத்தையும் சேர்த்தே பாருங்கள். இன்று கார்டு இல்லாவிட்டாலும் 550 வாட் வாங்கினால், பின்னால் கார்டு போடும்போது மாற்ற வேண்டியதில்லை.

வீட்டில் மூன்று முள் பிளக்கும் எர்த் இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை விட்டுப் பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஒரு யு.பி.எஸ். அவசியம். அதன் விலையையும் கடன் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

கரண்ட் பில் கணக்கும் கேட்பீர்கள். கார்டு இல்லாத கம்ப்யூட்டர், மானிட்டர் சேர்த்து தாராளமாக 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 3 மணி நேரம் என்றால் 0.45 யூனிட். இரண்டு மாத பில்லில் 27 யூனிட் கூடும்.

கிராபிக்ஸ் கார்டு: இப்பவா, அப்புறமா?

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்பார்கள். 4 ஜிபி என்பது அந்தக் கார்டில் உள்ள மேசையின் அகலம்தான். தைக்கும் வேகம் அல்ல. ஜி.டி. 730 என்ற கார்டு 2014ல் வந்தது. அதுவும் 4 ஜிபியில் கிடைக்கிறது. 5600ஜி பிராசசருக்குள்ளேயே இருக்கும் படப் பகுதி அதை விடப் பலமானது. அதைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவது, ஓடுகிற மிக்ஸியை ஓரம் வைத்துவிட்டு அம்மிக்கல் வாங்குவது போல.

நேரலை செய்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விளையாட்டுப் படத்தைச் சுருக்கி இணையத்தில் அனுப்ப ஒரு தனிப் பகுதி வேண்டும். என்கோடர் என்பார்கள். ஜி.டி. 1030, ஆர்.எக்ஸ். 6400, ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. ஆகிய மூன்று கார்டும் விலை குறைவு, முதல் இரண்டும் சின்னப் பெட்டிக்கும் அடக்கம். ஆனால் மூன்றிலும் என்கோடர் கிடையாது. நேரலைக்காக வாங்குபவருக்கு அவை ஆகாது. 5600ஜிக்குள் அந்தப் பகுதி இருக்கிறது.

கட்டாயம் கார்டு வேண்டும், பணமும் இருக்கிறது என்றால், ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி சின்னப் பெட்டிக்கு ஏற்றது. அது 70 வாட்தான் எடுக்கும், பல மாடல்களுக்குத் தனி பவர் வயர் தேவையில்லை, என்கோடரும் உண்டு. இதைவிடப் பலமான கார்டு 8 ஜிபி அளவில் கிடைக்கும். வாங்கும் முன் கார்டின் நீளத்தையும் கேபினட் ஏற்கும் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதி ஒப்பிடுங்கள்.

எங்கள் யோசனை இது: முதல் கடனில் கார்டு வேண்டாம். உள்ளே படப் பகுதி உள்ள பிராசசர், நல்ல போர்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். கடன் தீர்ந்த பிறகு, பிள்ளை இன்னும் அதே ஆர்வத்தோடு இருந்தால், கார்டு போடலாம். ஆர்வம் குறைந்துபோனாலும் நஷ்டமில்லை. அந்தக் கம்ப்யூட்டர் படிப்புக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் குழுக் கணக்குக்கும் உதவும்.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட சின்னக் கம்ப்யூட்டர்களும் மலிவாகக் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறைக்கு மேல் என்றால் படிப்புக்கு நல்லது. ஆனால் பலவற்றில் அந்தக் கம்பெனியின் தனி அளவு எஸ்.எம்.பி.எஸ்.தான் இருக்கும். பின்னால் பெரிய கார்டு போட முடியாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தவறில்லை.

நேரலைக்கு இணையக் கணக்கு

ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். நேரலைக்கு அதற்கு மேல் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

720பி தரத்தில் அனுப்ப நொடிக்கு ஏறக்குறைய 4 மெகாபிட் மேலே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி ஆகிறது. செல்போனில் தினம் 2 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு ஒரு மணி நேர நேரலையில் அன்றைய டேட்டா முடிந்தது. எனவே ஃபைபர் இணைப்பு வேண்டும். விசாரிக்கும்போது "அப்லோடு வேகம் எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்கும் வேகமாக இருக்கலாம். 4 மெகாபிட் அனுப்ப, 8 மெகாபிட்டாவது மேலே போகும் இணைப்பு இருந்தால் தடங்கல் இல்லாமல் போகும். மாதக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் இப்போதே பேசுங்கள்.

கேமராவுக்கு ஆரம்பத்தில் செல்போனே போதும். முதலில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். சத்தம் கரகரத்தால் போய்விடுவார்கள். கோலம், சமையல், தையல் வகுப்பு நேரலை போட நினைக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இதே கணக்குதான்.

ஒரு கொட்டேஷனைப் படிப்போம்

இப்படி ஒரு சீட்டு வருகிறது என்று வைப்போம்: "ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி., கலர் லைட் கேபினட், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்." பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு வரியில்கூடப் பொருளின் பெயர் இல்லை. எந்த ஐ5? எத்தனை துண்டு ராம்? எந்தக் கார்டு? எந்தக் கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.? "மாடு ஒன்று, கொம்பு இரண்டு, வால் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தது போல.

சீட்டு இப்படி இருக்க வேண்டும்:

பிராசசர்: ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி, கம்பெனிப் பெட்டியில், கூலரோடு.
மதர்போர்டு: பி550, மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும்.
ராம்: டி.டி.ஆர்.4, 3200 வேகம், 8 ஜிபி துண்டு இரண்டு.
எஸ்.எஸ்.டி.: என்.வி.எம்.இ., 500 ஜிபி அல்லது 1 டி.பி., கம்பெனிப் பெயர்.
எஸ்.எம்.பி.எஸ்.: 550 வாட், 80 பிளஸ், கம்பெனிப் பெயர், உத்தரவாத ஆண்டு.
கேபினட்: மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., முன்பக்கம் ஜாலி, ஃபேன் எத்தனை.
தனியாக: மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ்., விண்டோஸ் உரிமம்.

ஒவ்வொரு வரிக்கும் தனி விலை. இப்படி எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம். இதே பட்டியலை இரண்டு மூன்று கடையில் கொடுத்து விலை கேளுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவிலும் விசாரிக்கலாம். ஆனால் பழுது என்றால் திரும்ப அங்கேதான் போக வேண்டும். பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, நம் டவுன் கடையின் விலையோடு ஒப்பிடுங்கள்.

கடன் கணக்கு

40,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 20 மாதத் தவணை என்று வைப்போம். மாதம் அசல் 2,000. முதல் மாத வட்டி 400. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்த வட்டி 4,200. உங்கள் குழுவில் 2 ரூபாய் வட்டி என்றால் 8,400. கடை தரும் தவணைத் திட்டத்தையும் இதே மாதிரி கூட்டிப் பாருங்கள். "வட்டியே இல்லை" என்று சொன்னால், ரொக்க விலை எவ்வளவு, செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

கடன் வாங்குபவர் தாய். தவணை கட்டுபவரும் பெரும்பாலும் தாய்தான். அதனால் பில் தாயின் பெயரில் இருக்கட்டும். கொட்டேஷனைத் தீர்மானத்தோடு இணைத்து வையுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் பட்டியலில் பொருளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசோலை எழுதட்டும்.

வாங்கும் நாளில்

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீத வரி. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்றால் வேண்டாம் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்கப் போகும்போது கையில் ஆதாரம் இருக்காது.

ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வாருங்கள், பரணில் கிடக்கட்டும். கடையிலேயே கம்ப்யூட்டரை ஓட விட்டு, பிராசசர் பெயரும் ராம் அளவும் திரையில் வருவதைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிள்ளை கேட்ட விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடை ஏமாற்றிவிட்டது என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

விளையாட்டு பற்றி ஒரு வார்த்தை

பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நம் பிள்ளை கேட்பது அந்த வகை அல்ல என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். யூடியூப்பில் தனியாக நேரலை செய்யக் குறைந்தபட்ச வயது 16 என்று 2025 ஜூலை 22 முதல் மாற்றியிருக்கிறார்கள். அதற்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் நேரலையில் கூடவே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரை வாசல் அறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். மகனுக்கு வாங்கினாலும் மகளுக்கும் அதில் நேரம் ஒதுக்குங்கள்.

நேரலையில் வருமானம் வரும் என்று நம்பித் தவணைக்குத் திட்டம் போடாதீர்கள். வந்தால் சந்தோஷம். தவணை இப்போது இருக்கும் வருமானத்திலிருந்துதான் கட்டப்பட வேண்டும்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தைக் கிழித்துத் தீர்மானப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசியுங்கள். கொட்டேஷன் கையில் இருந்தால், களப்பணியாளர் வரும் நாளில் காட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். முன்பணம் கொடுத்த பிறகு காட்டாதீங்க, கொடுக்கும் முன்னாலே காட்டுங்க.